சுழல் எஞ்சினும் சொந்த விமானமும்

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் குமாரர், பொறியியல் பயில்பவர், நமக்கு ஒரு வினா விடுத்திருக்கிறார். “அமெரிக்காவில் சிலர் வீட்டிலேயே விமானம் கட்டி, அதில் மோட்டார்க் காரின் சுழல் எஞ்சினைப் பொருத்திப் பறக்கிறார்களாமே! அதன் சக்தியை எவ்வாறு பெருக்குகிறார்கள்? அவ்வாறு செய்வது தகுமா?” என்று கேட்கிறார். இரண்டு கேள்விகளில் பின்னதே பெரிது.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடுவோம். முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் சிலவற்றில் சிலிண்டர்களே புரொப்பெல்லருடன் சேர்ந்து சுழன்றன. அவற்றையும் சுழல் எஞ்சின் என்பதுண்டு. நாம் பேசுவது அவற்றைப் பற்றியன்று. ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெல் கருத்தில் உதித்து, 1957-ல் என்.எஸ்.யூ. கம்பெனியில் முதன்முதல் ஓடிய எஞ்சினைப் பற்றியது. இதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் இல்லை, வால்வும் இல்லை. இடை சற்றே ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டினுள், பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று உருண்டு சுற்றுகிறது. அது ஒரு முறை சுற்றுவதற்குள் எஞ்சின் தண்டு மூன்று முறை சுற்றிவிடும்.

ஜப்பானிய மாஸ்டா கம்பெனி 1967-ல் இவ்வெஞ்சினைத் தன் காஸ்மோ ஸ்போர்ட் காரில் வைத்து விற்கத் தொடங்கிற்று. அக்கம்பெனியின் 13பி என்னும் எஞ்சினே விமானம் கட்டுவோர் பெரிதும் நாடுவது. சுழலிகள் இரண்டு, கொள்ளளவு 1,308 கன சென்டிமீட்டர். உருவிற் சிறியது, அசையும் உறுப்புக்கள் சிலவே, அதிர்வும் குறைவு.

சக்தியைப் பெருக்க வழிகள் மூன்று. முதலாவது, வேகம். புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 2,700 சுற்றுக்கு மேல் சென்றால் அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கி, இரைச்சல் மிகும், பயன் குன்றும். ஆகவே நடுவே பற்சக்கரப் பெட்டி வேண்டும். 2.17-க்கு 1 என்ற விகிதத்தில் எஞ்சின் 6,000 சுற்றுச் சுற்றலாம். விகிதத்தை 2.85 ஆக்கினால் 7,500 சுற்றுக்கும் இடமுண்டு. அப்போதும் சுழலி சுற்றுவது 2,500 முறைதான் என்பது இவ்வெஞ்சினுக்கு இயல்பாய் அமைந்த சிறப்பு.

இரண்டாவது, காற்று நுழையும் வாயிலை அகலப்படுத்துதல். பக்கச் சுவரிலுள்ள வாயிலைச் செதுக்கிப் பெரிதாக்குவோர் உண்டு. கூட்டின் வளைந்த சுவரிலேயே புது வாயில் திறப்போரும் உண்டு. பின்னதில், வெளியேறும் புகையும் உள்ளே வரும் கலவையும் சிறிது கலப்பதால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது தடுமாறும். நகர வீதியில் செல்லும் காருக்கு இது பெருங்குறை. வானில் நெடுநேரம் ஒரே வேகத்தில் செல்லும் விமானத்துக்கோ பொறுக்கத்தக்கதே.

மூன்றாவது, டர்போவினால் காற்றை அழுத்திப் புகுத்துதல். 1984-ல் அமெரிக்காவில் விற்ற ஆர்.எக்ஸ்-7 காரில் 13பி எஞ்சின் 135 குதிரைத் திறன் தந்தது. இரட்டை டர்போ பூண்ட 1993-ஆம் ஆண்டுக் காரில் அதே கொள்ளளவு 255 தந்தது. இந்தக் கணக்கே பலரை மயக்குகிறது.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. கார் தன் முழுச் சக்தியையும் காட்டுவது சில விநாடிகளே. விமான எஞ்சினோ முக்கால் பங்குச் சக்தியை மணிக்கணக்கில் தந்தாக வேண்டும். சக்தி கூடினால் வெப்பமும் கூடும். சுழலியின் உட்புறத்தைக் குளிர்விப்பது எண்ணெயே. ஆதலால் தண்ணீருக்கு மட்டுமன்றி எண்ணெய்க்கும் பெரிய குளிர்விப்பான் வேண்டும். சுழலியின் மூன்று முனைகளிலும் வாயு கசியாமல் காக்கும் மெல்லிய தகடுகள் இருக்கின்றன. அழுத்தம் மிகுந்து, கலவை சீராக எரியாமல் ஒரே கணத்தில் வெடிக்குமானால் இத்தகடு முறியும். சாலையில் அது நேர்ந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிடலாம். ஓடுபாதையை விட்டு எழும்பிய அரை நிமிஷத்தில் நேர்ந்தால் நிறுத்த இடமேது?

ஆதலால் நம் விடை இது: வேகத்தாலும் வாயிலாலும் பெறும் சக்தி, அழுத்தத்தால் பெறும் சக்தியினும் விமானத்துக்கு ஏற்றது. டர்போ வேண்டுமெனின், உயரத்தில் இழந்த காற்றழுத்தத்தை ஈடுசெய்யும் அளவோடு நிற்பது நலம். 18,000 அடியில் காற்றின் அழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் பாதியே என்பதை நினைவிற் கொள்க.

அமெரிக்காவில் இத்தகைய எஞ்சின் பூட்டிய புது விமானத்தை, ஜனநெருக்கமற்ற பகுதியில் வழக்கமாக 40 மணி நேரம் பறந்து சோதித்த பின்னரே பிறரை ஏற்ற இசைகின்றனர். அந்த 40 மணியும் வீண்காலம் அன்று. எண்ணெயின் வெப்பத்தையும் தண்ணீரின் வெப்பத்தையும் நாள்தோறும் குறித்துவைத்துப் பார்ப்பவனுக்கே எஞ்சினின் எல்லை புலப்படும். வினா விடுத்த இளைஞர் முதலில் தரையில் ஓர் எஞ்சினைக் கட்டி ஓட்டி, அந்தக் குறிப்பேட்டை எழுதிப் பழகுவாராக. பின்பக்கத்து ஆசனத்தில் ஒருநாள் தம் தாயாரை அமர்த்த அவர் விரும்பினால், அதற்குரிய துணிவை அந்த ஏடே அளிக்கும்.