பரிசலுக்கு ஒரு வக்காலத்து

ஓமலூரில் இருப்பவனுக்குப் படகு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சரபங்கா நதியில் தண்ணீரைவிட மணல்தானே அதிகம் என்று பரிகாசம் செய்வார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஒரு பஸ் ஏறினால் மேட்டூர். 1934-ல் கட்டி முடித்த அணைக்குப் பின்னால் ஒரு சமுத்திரமே கிடக்கிறது.

என் சண்டை வேறு கூட்டத்தோடு. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் சின்னப் படகு ஒன்று வாங்க ஆசைப்படுகிற மத்தியதரக் கனவான்களைச் சொல்கிறேன். வெள்ளை வெளேரென்ற ஃபைபர் படகின் படத்தைக் காட்டி, "இதுதான் படகு" என்கிறார்கள். பரிசல் என்றால் மூக்கைச் சுளிக்கிறார்கள். அது மீன் பிடிக்கிறவன் ஏறுவதாம்!

தண்ணீரைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துப் படகு வாங்கலாமா? மேட்டூர் நீர்மட்டம் நிறைந்தால் 120 அடி. இறங்கும்போதோ, பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தியும் பழைய மாதா கோவில் கோபுரமும் வெளியே வந்து நிற்கின்றன. அப்போது கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே நெடுந்தூரம் சேறு. அந்தச் சேற்றில் ஃபைபர் படகை இழுக்க எத்தனை ஆள் வேண்டும்? அதை ஊரிலிருந்து கொண்டுவர ஒரு வண்டி, வைக்க ஒரு கொட்டகை! சின்னப் பரிசலை ஒரே ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விடுவான். அரை முழத் தண்ணீரிலும் அது மிதக்கும். பிளாச்சு முறிந்தால் மூங்கில், ஓட்டை விழுந்தால் தார். முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் ஷீட். எதற்கும் பட்டணத்துக்கு ஓட வேண்டியதில்லை.

"பரிசல் சுற்றுமே!" என்கிறார்கள். சுற்றும். துடுப்புப் பிடிக்கத் தெரியாதவனைத்தான் அதிகம் சுற்றும். அதைப் பழகுவதற்குச் சில நாள் ஆகும், காசு ஆகாது. காற்று எழும்பினால் அகன்ற நீர்ப்பரப்பில் பரிசல் ஆபத்து என்பதும் உண்மையே. அந்தக் காற்றில் எந்தச் சின்னப் படகையும் புத்தியுள்ளவன் கரையை விட்டு எடுக்க மாட்டான்.

சீமையில் நடந்தால்தான் மதிப்பு என்பவர்களுக்கு ஒரு சங்கதி. 1963-ல் லண்டன் டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில் ஒரு சின்னப் பாய்மரப் படகு வந்தது. பிளைவுட் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, பசை பூசி, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். விலை 63 பவுன் 11 ஷில்லிங். எழுபதாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டன. வேல்ஸ் நாட்டு டைவி நதியில் செம்படவர்கள் நம் பரிசலுக்குத் தம்பி போன்ற ஒன்றை முதுகில் சுமந்து நடந்தார்கள். அவ்வளவு ஏன், 'டிங்கி' என்ற இங்கிலீஷ் வார்த்தையே நம் தேசத்திலிருந்து கப்பலேறிப் போனதுதான்!

நான் கேட்பது ஒன்றே. சிறு பணத்தோடு வருகிறவர் முதலில் தலைக்கு ஒன்று என்று உயிர்காப்புச் சட்டை வாங்கட்டும்; குழந்தைக்கு அதன் அளவில். பிறகு நல்ல துடுப்பு இரண்டு. மிச்சப் பணத்துக்குத்தான் படகு. நம் கனவான்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். பளபளப்புக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, சட்டை வாங்கும்போது கையை விரிக்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வாகனத்தில் இப்படியா சிக்கனம்? என் வரிசைப்படி வாங்கி, கடைசியில் பரிசலுக்குத்தான் பணம் மிஞ்சுகிறது என்றால், அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.