தூர்வாரும் முன் ஒரு குழாய் மண்ணை எடுத்து வையுங்கள்

ஹரியானாவின் தெற்கே, முன்பு மேவாத் என்றும் இப்போது நூஹ் என்றும் அழைக்கப்படும் மாவட்டத்தில் கோட்லா டாஹர் என்ற பழைய ஏரிப் படுகை இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யமா தீட்சித், டேவிட் ஹோடெல், கேமரன் பெட்ரி மூவரும் அங்கே அடுக்கடுக்காகப் படிந்திருந்த வண்டலிலிருந்து நத்தை ஓடுகளைப் பொறுக்கி ஆராய்ந்தார்கள். சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை திடீரென நலிந்தது என்று 2014-ல் ‘ஜியாலஜி’ இதழில் எழுதினார்கள். சிந்துவெளி நகரங்கள் தேயத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ அதுதான்.

நத்தை ஓடு மழைக்கணக்குச் சொல்வது எப்படி? ஆக்சிஜன் அணுக்களில் எடை குறைந்தது 16, எடை கூடியது 18. ஏரித் தண்ணீர் வெயிலில் காயும்போது லேசான 16 முந்திக்கொண்டு ஆவியாகிறது, 18 பின்தங்குகிறது. வடிகால் இல்லாத ஏரியில் மழை குறையக் குறைய 18-ன் பங்கு ஏறும். நத்தை அந்தத் தண்ணீரை வைத்தே ஓடு கட்டுவதால், அன்றைய விகிதம் ஓட்டில் பதிந்துவிடுகிறது. கோட்லா டாஹர் ஓடுகளில் அது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 4 அளவு உயர்ந்திருந்தது. இந்தத் துறையில் அது பெரிய தாவல்.

நான் கல்லூரியில் நிலவியல் நடத்துகிறவன். அந்த ஆய்வில் பயன்பட்ட நத்தை மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா. நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் சேற்றுக்குள் ஊர்ந்து திரிவதும் இதே இனம்தான்; மீன்தொட்டி வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். திருகாணிபோல் நீண்டு கூம்பிய ஓடு, பழுப்புப் புள்ளிகள், விரல் நகத்தில் தட்டுப்படும் மெல்லிய வரிகள். வண்டலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சல்லடையில் மெதுவாகக் கழுவினால் வெளுத்த ஓடுகள் மேலே தங்கும். வாய்க்குள் இறுகிய களிமண்ணை ஊசிமுனையால் நெம்பி எடுக்க வேண்டும். அந்த மண்ணில் உள்ள சுண்ணாம்பு துளி கலந்தாலும் அளவு தப்பிப்போகும். பிறகு எக்ஸ்ரே சோதனை. ஓடு முதலில் அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனது. மண்ணுக்குள் கிடந்து கால்சைட்டாக மாறியிருந்தால் அதைத் தள்ளிவிட வேண்டியதுதான். தேறியதைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, வரும் வாயுவை நிறமாலைமானியில் அளக்கிறோம்.

மழை குறைந்தது, நாகரிகம் அழிந்தது என்று ஒரே வரியில் முடிப்பதை நான் ஏற்கமாட்டேன். நகரங்கள் சுருங்கிய பிறகும் சிற்றூர்களில் வாழ்க்கை தொடர்ந்தது. ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்பதற்கு ஓடு சாட்சி. மக்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை அகழாய்வுதான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் சாத்தியமானதற்கு ஒரே காரணம், அந்த அடுக்குகள் கலையாமல் கிடந்ததுதான். எந்த ஆழத்தில் கிடைத்தது என்று தெரியாத ஓட்டால் ஆய்வுக்குப் பயனே இல்லை. நம் ஏரிகளிலோ கோடைதோறும் பொக்லைன் இறங்கி, நூற்றாண்டுகளாகப் படிந்த வண்டலை ஒரே நாளில் அள்ளி லாரியில் கொட்டுகிறது. தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை. ஏரிக்குக் கொள்ளளவு வேண்டும், வயலுக்கு வண்டல் வேண்டும். பலமுறை வெட்டிய ஏரிகளில் அடுக்குகள் ஏற்கெனவே குழம்பியிருக்கும் என்பதும் உண்மை. ஆனாலும் கைபடாத இடங்கள் எங்காவது மிஞ்சியிருக்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் குழாயை அடித்து இறக்கி, மண்ணைக் கலையாமல் உருவி, இரு முனையையும் மூடி, இடத்தையும் ஆழத்தையும் எழுதி வைத்தால் போதும். அரை நாள் வேலை. செலவும் சொற்பம். நம் ஊரில் எப்போது ஏரி நிரம்பியது, எத்தனை ஆண்டு தொடர்ந்து வறண்டது என்பதற்கு மழைமானிக்கு முந்தைய கணக்கு வேறு எங்கே கிடைக்கும்?

வண்டல் அள்ள அனுமதி தரும் வட்டாட்சியர்கள், அந்த உத்தரவிலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். மண் மாதிரியை வாங்கிப் பாதுகாக்கும் பொறுப்பை அருகிலுள்ள அரசுக் கல்லூரியின் நிலவியல் துறையிடம் ஒப்படைக்கலாம். அடுத்த கோடைக்குள் அரசு இதற்கு ஆணை பிறப்பிக்க வேண்டும்.