தனியாள் என்றால் அரைப் பேரா?

தோட்டத்தில் நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு ‘அரைப் பேர்’தான். பதுளை, பசறை, ஹாலிஎல, அப்புத்தளைப் பக்கத்து லயங்களில், கல்யாணம் கட்டாமல் முப்பதைத் தாண்டிய பெண்ணுக்கும் ஊர் இதே கணக்கைத்தான் போடுகிறது. எத்தனை கிலோ எடுத்தாலும் அவர் அரைப் பேர்.

அந்தக் கணக்கைப் பலர் சிரித்தே கடக்கிறார்கள். “கல்யாணச் சாப்பாடு எப்ப?” என்று கேட்டால், “சாப்பாடுதானே? ரொட்டியும் சம்பலும் இருக்கு, இப்பவே வாங்க” என்று பதில் வருகிறது. இதை ஏக்கத்தை மறைக்கும் சிரிப்பு என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. மனைவியின் சம்பளத்தைக் கணவனே வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்த தோட்டங்கள் இவை. தன் சம்பளத்தைத் தானே எண்ணி, சீட்டுக் கட்டி, பதுளை டவுனுக்கு யாரிடமும் கேட்காமல் போய்வருவது இங்கே சிறிய காரியமல்ல.

ஆனால், நிம்மதிக்கு ஒரு கதவும் ஒரு பூட்டும் வேண்டும். அண்ணன் குடும்பம் காம்பராவில் படுத்தால் தங்கைக்கு மிஞ்சுவது இஸ்தோப்புதான். 2025 அக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில், இந்திய உதவியிலான 10,000 வீட்டுத் திட்டத்தின்கீழ் சுமார் 2,000 பயனாளிகளுக்கு உரிமை ஆவணங்கள் வழங்கப்பட்டன. வரவேற்க வேண்டிய விடயம். எனினும் மலையக வீட்டுத் திட்டங்கள் குடும்பத்தையே அலகாகக் கொள்கின்றன. தனியாக வாழும் பெண் அங்கே அண்ணன் குடும்பத்தின் ஓர் அங்கத்தவராகவே எண்ணப்படுகிறார். நாளை அண்ணி முகம் சுளித்தால் அவருக்குப் போக்கிடமில்லை.

ஊழியர் சேமலாப நிதியும் கல்யாணத்தின் பக்கமே சாய்கிறது. திருமணத்துக்காக வேலையை விடும் பெண் அந்தப் பணத்தை முன்கூட்டியே எடுக்கலாம். திருமணம் ஆகாதவர் பொதுவாக 50 வயதுவரை பொறுக்க வேண்டும். சேமிப்பை எடுக்க மாப்பிள்ளை தேட வேண்டும் போலிருக்கிறது!

2026 ஜனவரி முதல் நாளாந்தச் சம்பளம் வரவுக் கொடுப்பனவுடன் சேர்த்து 1,750 ரூபாய். அந்தத் தொகை கல்யாணம் ஆனவருக்கு ஒன்று, ஆகாதவருக்கு ஒன்று என்று மாறுவதில்லை. சம்பளப் பட்டியலில் முழுப் பேராக இருப்பவர் வீட்டுப் பட்டியலில் மட்டும் ஏன் காணாமல் போகிறார்?

தனித்து வாழும் தொழிலாளியையும் தனி விண்ணப்பதாரராக ஏற்க வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்கவேண்டிய கோரிக்கை இது. அனுதாபமோ வரனோ அவர்கள் கேட்கவில்லை. தங்கள் பெயரில் ஒரு சாவியைத்தான் கேட்கிறார்கள்.