18 வயதும் வங்கிக் கணக்கும்



அறிவுசார் குறைபாடுள்ள என் மகனுக்கு 18 வயது முடிந்ததும், காப்பாளராக நான் நடத்திவந்த அவனது வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். "இனி தம்பிதாம்மா கையெழுத்துப் போடணும்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அவனோ பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

பெற்றவளே ஆனாலும், 18க்குப் பிறகு சட்டப்படி நான் காப்பாளர் இல்லையாம்! 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துத்தான் காப்பாளர் சான்று வாங்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் பெற்றோருக்கும் இதே வழிதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, பிள்ளைகளையும் கலந்து முடிவெடுக்கச் சொல்கிறது. நியாயம்தான். ஆனால் இதெல்லாம் பள்ளியிலும் சொல்லவில்லை, ஊனச் சான்று கொடுத்த இடத்திலும் சொல்லவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டைக்குத் தரும் விண்ணப்பத்தில் பிறந்த தேதி இருக்கிறதே! 17 வயதிலேயே வீட்டுக்கு ஒரு கடிதம் போட மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கு என்ன தடை?

– ஒரு தாய், மதுரை