அருவியில் குளித்தால் மனநோய் தீருமா?



சாரல் காலத்தில் குற்றாலம் போனவர்கள், பேரருவியில் குளித்துவிட்டு ஐந்தருவிக்கும் போயிருப்பீர்கள். மலையிலிருந்து இறங்கிவரும் தண்ணீர் ஒரே பாறையிலிருந்து ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும் இடம் அது. அங்கே குளிக்க வருகிறவர்களில், உறவினர்கள் இருபுறமும் கையைப் பிடித்துக்கொள்ள, தண்ணீருக்கு அடியில் நிறுத்தப்படும் மனநோயாளிகளும் உண்டு. குற்றால அருவியில் தலையைக் காட்டினால் கலங்கிய சித்தம் தெளியும் என்பது நம் தென்மாவட்டங்களில் நெடுநாளைய நம்பிக்கை.

இந்த நம்பிக்கையைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பிழை என்று நிறுத்துப் பார்ப்போம். அதற்கு மனநோய்களில் சற்றுச் சிக்கலான ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். ஒரே மனிதருக்கு இரண்டு நோய்கள் சேர்ந்திருக்கும் நிலை அது.

முதலாவது, இருமுனை மனநிலைக் கோளாறு. இதன் ஒரு முனை பித்தெழுச்சி. இரண்டு மூன்று மணி நேரமே தூங்கினாலும் களைப்புத் தெரியாது, பேச்சு ஓயாது, எண்ணங்கள் ஒன்றையொன்று முந்தும், கையிருப்பை எல்லாம் ஒரே நாளில் செலவழிக்கத் தோன்றும். பொதுவாக ஒரு வாரமாவது இது நீடிக்கும். மறுமுனை உளச்சோர்வு. குறைந்தது இரண்டு வாரங்களுக்கு எதிலும் பிடிப்பு இராது. பல் துலக்குவதுகூட மலையைப் புரட்டும் வேலையாகிவிடும். இடைப்பட்ட மாதங்களில் அவர் வழக்கம்போலவே இருக்கலாம்.

இரண்டாவது, எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. இங்கே மனம் மாறுவது மணிக்கணக்கில். காலையில் உயிர்த்தோழியாக இருந்தவள் மாலையில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மறந்தால் போதும், 'என்னைக் கைவிட்டுவிட்டாள்' என்ற பேரச்சம் பிறக்கும். அச்சம் கோபமாகும், கோபம் தன்மீதே வெறுப்பாகத் திரும்பும். தான் யார் என்ற எண்ணமும் நிலையாக நிற்காது. 'எல்லைக்கோடு' என்ற சொல்லை 1938ல் அமெரிக்க மருத்துவர் அடால்ஃப் ஸ்டெர்ன் இத்தகைய நோயாளிகளைக் குறிக்கப் பயன்படுத்தினார். 1980ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் அது இடம்பெற்றது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குற்றாலத்துக்காரர்களுக்கு எளிதில் சொல்லிவிடலாம். முதல் நோய் பருவம் மாறுவது போன்றது. சாரல் வந்தால் வாரக்கணக்கில் நிற்கும்; போனால் அருவி வறண்டு பாறை தெரியும். இரண்டாவது நோய் ஒரே நாளில் வெயிலும் தூறலும் மாறி மாறி வருவது போன்றது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை, இரண்டாவது கோளாறும் உடையவர்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இது எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வ நோய் அல்ல.

இரண்டையும் சுமப்பவரின் அன்றாட வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்று ஒரே உற்சாகமாக இருக்கிறது. இது வெறும் மகிழ்ச்சியா, பித்தெழுச்சியின் தொடக்கமா? நேற்று அண்ணன் மீது கோபம் வந்தது. அது நோயா, நியாயமா? தம் மனத்தைத் தாமே நம்ப முடியாமல் இருப்பதுதான் இதில் பெரிய துன்பம். வீட்டாரோ அவர் எதற்குக் கோபப்பட்டாலும் "மாத்திரை போட்டாயா?" என்று கேட்டுவிடுகிறார்கள். நோயாளிக்கும் நியாயமான கோபம் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இப்போது அருவிக்கு வருவோம். குளிர்ந்த நீர் மேலே விழும்போது மூச்சும் நாடியும் வேகம் பெறுகின்றன. நார்அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கூடுகிறது. அதனால் குளித்தவுடன் புத்துணர்ச்சி ஏற்படுகிறது. ஆனால் அது சிறிது நேரத்துக்கே. வாரக்கணக்கில் நீடிக்கும் பித்தெழுச்சியை அது மாற்றுவதில்லை. தானாகவே தணிய வேண்டிய காலத்தில் குளித்தவர் 'அருவியால் குணமானேன்' என்று சொல்வார். அடுத்த எழுச்சி வரும்போதுதான் உண்மை தெரியும்.

அப்படியானால் அருவிக்கும் கோயிலுக்கும் அழைத்துப் போவதில் பயனே இல்லையா? 2002ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் சில வாரங்கள் தங்கிய 31 மனநோயாளிகளை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். மருந்தில்லாமலேயே அவர்களுடைய நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அடக்குமுறை இல்லாத இடமும், ஆதரவான சூழலும், உடனிருந்த உறவினரும் இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இதே தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறானதும் நடந்தது. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது. கையைப் பிடித்துக்கொள்வது வேறு, கட்டிப்போடுவது வேறு.

கைபிடித்து நிற்கும் அன்பு தேவை. அதோடு மருத்துவமும் தேவை. இரண்டு நோய்க்கும் மருத்துவம் ஒன்றல்ல என்பதை இங்கே கவனியுங்கள். இருமுனைக் கோளாற்றுக்கு மருந்தே முதன்மை. உங்கள் வேதியியல் பாடத்தில் அணு எண் 3 உள்ள தனிமம் எது? லித்தியம்! அதன் உப்பு பித்தெழுச்சியைத் தணிக்கிறது என்று 1949ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அறிவித்தார். அது இன்றும் முக்கியமான மருந்து. சிறுநீரகம் சோடியத்தைப் போலவே லித்தியத்தையும் கையாளுகிறது. வயிற்றுப்போக்காலோ மிகுந்த வியர்வையாலோ உடலில் நீர் வற்றினால் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடக் கூடும். அதனால்தான் இரத்தப் பரிசோதனை கட்டாயம்.

எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாற்றுக்கோ பேச்சுவழிச் சிகிச்சையே முதன்மை. உணர்ச்சி பொங்கும்போது அதை அடையாளம் காணவும், அது தணியும்வரை தாங்கவும், உறவை முறிக்காமல் பேசவும் பழக்குகிறார்கள். இம்முறைகளில் புகழ்பெற்ற ஒன்றை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹான். இளவயதில் தாமும் கடும் மனநோயால் மருத்துவமனையில் இருந்தவர் என்று அவர் 2011ல் வெளிப்படையாகச் சொன்னார்! அமெரிக்காவில் இக்கோளாறு உள்ளவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது நோய்க்குறிகள் தணிந்திருந்தன. எனினும் வேலை, உறவு இரண்டிலும் நன்றாக நிலைபெற்றவர்கள் ஏறக்குறைய பாதிப் பேரே.

என் கருத்து இதுதான். இரண்டு நோயும் உள்ளவருக்கு இரண்டு மருத்துவமும் கிடைக்க வேண்டும். மாத்திரை மட்டும் கொடுத்தால் உறவுகள் உடைந்துகொண்டே இருக்கும். பேச்சு மட்டும் என்றால் பித்தெழுச்சி வந்து எல்லாவற்றையும் அடித்துச் செல்லும். நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. வாரந்தோறும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிச் சிகிச்சை தர வல்லவர்கள் நகரங்களிலேயே குறைவு. தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவர் என்ன செய்வார்? மாத்திரையைப் போலவே பேச்சுச் சிகிச்சையையும் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் எல்லாருக்கும் கிடைக்கும்படி செய்ய வேண்டும். உங்களில் சிலர் நாளை அந்த வேலைக்குப் படித்து வரவேண்டும்.

அதுவரை உங்களால் ஆகக்கூடியதும் உண்டு. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று நண்பனைக் கேலி செய்வதை விட்டுவிடுங்கள். உதவி தேவைப்படும் ஒரு மாணவன் அதைக் கேட்டுத்தான் வாயை மூடிக்கொள்கிறான். அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். அதனால் அருவிக்கு என்ன இழுக்கு? அதுபோல, தூக்கம் குறைவதும் பேச்சு பெருகுவதும் நோயின் முன்னறிவிப்புகள். அவற்றைக் கண்டதும் டாக்டரிடம் போவதில் அவமானம் எதுவும் இல்லை. வாழவே பிடிக்கவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதை இரகசியமாக வைத்துக்கொள்ளாமல் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். 2022ல் தொடங்கப்பட்ட 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்; உங்களுக்கே அப்படித் தோன்றினாலும் பேசலாம்.

குடும்பத்தோடு ஐந்தருவியில் ஆனந்தமாகக் குளியுங்கள். மனநோய் உள்ள அத்தையையும் மாமாவையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். எல்லாரையும் போல அவர்களும் மகிழ்ச்சிக்காகக் குளிக்கட்டும். ஊர் திரும்பியதும் மறக்காமல் அவர்களுடைய மருந்தை எடுத்துக்கொடுங்கள்.