குதிரைமலை முனையும் அல்லிராணிக் கோட்டையும்

தூத்துக்குடியிலிருந்து நேர் கிழக்கே மன்னார் வளைகுடாவைக் கடந்தால், இலங்கையின் வடமேற்குக் கரையில் கடலுக்குள் நீண்டு நிற்கும் செந்நிறப் பாறை முனை ஒன்று தென்படும். அதுவே குதிரைமலை. இன்று அது வில்பத்து வனத்தின் ஓர் அங்கம். கட்டட எச்சங்கள் சிலவன்றி அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

உரோம நூலாசிரியர் பிளினி குறிப்பிடும் 'ஹிப்புரி' துறைமுகம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கி.பி. முதல் நூற்றாண்டில், செங்கடல் வரிக் குத்தகைதாரர் ஒருவரின் பணியாளர் காற்றால் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் அங்கே கரை ஒதுங்கினாராம். அவரிடமிருந்த நாணயங்களில் வெவ்வேறு மன்னர்களின் உருவங்கள் இருந்தும் எடை ஒன்றாகவே இருக்கக் கண்ட இலங்கை வேந்தர், உரோமரின் நேர்மையை வியந்து தூதரை அனுப்பினார் என்கிறார் பிளினி. முத்து வணிகம் செய்த நம் முன்னோருக்கு எடையின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

இம்முனையில் அல்லியரசாணி கோட்டை கட்டி ஆண்டாள் என்பது செவிவழிக் கதை. ஆனால் 'அல்லிராணிக் கோட்டை' எனக் கரையோர மக்கள் இன்று காட்டும் இடம் வேறு. வடக்கே அரிப்பில், ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிட 1804-ஆம் ஆண்டளவில் கட்டி முடித்த மாளிகை அது. கட்டியவர் பெயரை மக்கள் மறந்துவிட்டு, மாளிகையை அல்லிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதன் சுவர்களைக் கடல் ஒவ்வொன்றாக விழுங்கி வருகிறது. அருகிலிருக்கும் சிறு கோட்டை அதனினும் பழையது. ஏறத்தாழ இருபதாண்டுகள் கண்டியில் சிறையிருந்த ராபர்ட் நாக்ஸ், 1679-இல் தப்பி வந்து சேர்ந்தது டச்சுக்காரர் வசமிருந்த அந்த அரிப்புக் கோட்டைக்கே.

இக்கரைக்கும் நமக்கும் உள்ள உறவு மாளிகைகளால் வந்ததன்று. சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் அன்று முத்துச் சலாபம் கூடியபோதெல்லாம், பாலை மணலில் ஓர் ஓலை நகரமே எழும்பியது. கீழக்கரை, தொண்டி முஸ்லிம்களும் தூத்துக்குடிப் பரதவரும் அரபு நாட்டவரும் கல்லைக் காலில் பிணைத்து, மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்கினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே குளியாளிகளுக்கு. மற்றவை அரசின் ஏலத்துக்கு. உயிரைப் பணயம் வைத்தவர்க்கு இது போதுமா என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த மறிச்சுக்கட்டியின் பிற்காலக் கதையையும் நீங்கள் அறிய வேண்டும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இப்பகுதி மக்களும் வீடு வாசலைத் துறந்து புத்தளம் சென்று அகதிகளாயினர். 2009-இல் போர் முடிந்து திரும்பியவர்களை வரவேற்றது, வீட்டு மனைகளில் மண்டிக் கிடந்த காடு. 2012-இல் அவற்றில் ஒரு பகுதி காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. வனத்தை அழிக்க வந்தவர்கள் என்ற பழியும் அவர்கள் மீது விழுந்தது. கதையில் வரும் அரசிக்கு ஒரு கோட்டையை மனமுவந்து அளித்த மண்ணின் மக்கள், தம் சொந்த மனைக்கு ஆவணத்தையும் பழைய கிணற்றையும் காட்டி வழக்காடிக் கொண்டிருந்தார்கள்.