மார்கழி வெண்டைக்குப் புரட்டாசியில் விதை

வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலையில் ஏறும் வண்டிகளில் வெண்டைக்காய் மேலே போகிறது; காரட்டும் பூண்டும் கீழே இறங்குகின்றன. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் வெண்டை வராது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மலையடிவாரத்திலும் குளிர் மாதங்களில் வெண்டை முரண்டு பிடிக்கும் என்பதைத்தான் நம் விவசாயிகளில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கார்த்திகை பிறந்ததும் ஐயப்பன் மாலை போட்டவர் வீடுகளில் காய்கறிச் செலவு கூடுகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரிகள் போகின்றன. அதே சமயம் வெண்டை வரத்து குறைவதால் விலை ஏறுகிறது. அந்த விலையைக் கண்ட பிறகு, மார்கழியில் அவசரமாக விதை வாங்கி ஊன்றுவது சரியான யோசனை அல்ல.

வெண்டை வெப்பத்தில் வளரும் செடி. மண்ணின் சூடு 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் விதை சரிவர முளைக்காது. மார்கழி இரவில் வத்தலக்குண்டு வட்டாரத்தில் குளிர் அந்த அளவை ஒட்டி வந்துவிடும். ஐந்தாறு நாளில் முளைக்க வேண்டிய விதை ஈர மண்ணில் பத்து நாளுக்கு மேல் கிடந்து பாதி அழுகிவிடுகிறது. போக்கிடம் பார்த்து மறுபடி ஊன்றினால் ஒரே பாரில் இரண்டு வயதுச் செடிகள்! வீரிய ஒட்டு விதை விற்கிற விலையில் இது சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகாது. தப்பிப் பிழைத்த செடி மாசியில் பூக்கும்போது வெயில் ஏறி வெள்ளை ஈ பெருகுகிறது. மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வந்து சேருகிறது. விலையும் அதற்குள் இறங்கிவிடும்.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும் பிப்ரவரியிலும் விதைப்பதுதான். மாநிலம் முழுமைக்கும் அது பொருந்தலாம். ஆனால் அடிவாரத்துக்காரருக்கு இடையில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. புரட்டாசிக் கடைசி வாரத்தில் விதைத்தால் மண்ணில் சூடு இருக்கும். கார்த்திகை நடுவில் முதல் பறிப்பு வரும். தை வரை காய்க்கும். வேர் பிடித்த செடி குளிரைத் தாங்கிக்கொள்ளும். மழையும் குளிருமான அந்த நாட்களில் வெள்ளை ஈ தொல்லையும் குறைவு. சிபாரிசில் இல்லாத பட்டம் என்பதால் ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம். 20 சென்ட் போதும்; சாதாரண ரகமானால் 600 கிராம் விதை பிடிக்கும்.

ஐப்பசி மழைதான் இதில் உள்ள ஆபத்து. வெண்டைக்கு வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. ஆகவே பார் உயரமாக அமைத்து, ஒன்றரை அடிக்கு ஓரடி இடைவெளியில் பாரின் மேல்பக்கமாக ஊன்ற வேண்டும். விதையை ஓர் இரவு ஊறப்போட்டால் கெட்டித்தோல் இளகும். களிமண் நிலத்துக்காரர்கள் இந்தப் பட்டத்தை விட்டுவிடுவதே நல்லது. மார்கழிப் பனியில் இலைமேல் சாம்பல் நோய் படரும். கண்டவுடன் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். காய்ப்புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் போதுமானது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கும் காயில் கடும் விஷத்தை அடித்துச் சந்தைக்கு அனுப்புவது நியாயமா?

பறிப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோடையில் பூத்து ஐந்தாறு நாளில் காய் விரல் நீளத்தைத் தாண்டிவிடும். குளிரில் வளர்ச்சி மந்தம். காய் சிறிதாக இருக்கும்போதே உள்ளே நார் விழுந்துவிடும். நீளம் வரட்டும் என்று காத்திருந்தால் முற்றல்தான் மிஞ்சும். கடையில் பெண்கள் நுனியை ஒடித்துப் பார்ப்பதை வியாபாரிகள் திட்டுகிறார்கள். அதே சோதனையை விவசாயி வயலிலேயே செய்து பார்த்துக்கொள்வது நல்லது. பனி காய்ந்த பிறகே பறிக்க வேண்டும். ஈரக் காயைச் சாக்கில் அடைத்தால் மறுநாள் கறுத்துப்போகும். குளிர்ப்பெட்டியின் கடுங்குளிரும் வெண்டைக்கு ஆகாது, புள்ளி விழும்.

வீட்டுக்கு எடுத்த காயையும் துணியால் துடைத்து ஈரம் போக்கி நறுக்கினால் கொழகொழப்பு அடங்கும். மிச்சத்தைப் புளியோ மோரோ பார்த்துக்கொள்ளும். சற்று முற்றிய காய் மோர்க்குழம்புக்கு ஆகும். மோரில் ஊறவைத்து வற்றல் போட நினைப்பவர்கள் மாசி வெயில் வரும் வரை பொறுக்க வேண்டும். மார்கழி வெயிலில் போட்டால் காய்வதற்கு முன் பூசணம் பிடித்துவிடும்.